ஞானரத்தினம் கையெழுத்து இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு வன்னியம்பட்டியிலிருந்து கான்சாபுரம் வரைக்கும் ஆடு மாடுகூடச் சாட்சி சொல்லும். பென்ஷன் வாங்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பழைய தந்தி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். கண்ணைத் திறந்தால்தான் கொஞ்சம் தடுமாறும். இந்த இங்கிலீஷை எனக்கு எந்த வாத்தியாரும் கற்றுத் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். வெள்ளைக்காரன் அதை முன்னமே ஒரு தடவை கண்டுபிடித்திருந்தான் என்பது வேறு விஷயம்.

சண்டை நடந்த நாற்பத்தொன்றாம் வருஷம் அது. நான், நேசையன், ஸ்ரீவில்லிபுத்தூரில் தந்திப் பியூன். காக்கிச் சட்டை, தலைப்பாகை, ஒரு ஆபீஸ் சைக்கிள். அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. எதிரே வருகிற சனங்கள்தான் பிரேக். வேலை நிரந்தரமில்லை, ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு அப்போது இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

காரணம் ஞானரத்தினம். தந்தி மேசையில் இருந்தவர். தந்தி பேசுகிற கட்டையிலிருந்து டக்கு டக்கு என்று வருவதைக் காதில் வாங்கி, பென்சிலால் அப்படியே தாளில் இறக்குவார். அவர் கையெழுத்து இருக்கிறதே, ஒவ்வொரு எழுத்தும் பின்னால் காற்றடிப்பதுபோல வலது பக்கம் சாய்ந்து ஓடும். சிலதுக்கு மாட்டு வால் இருக்கும். சிலது பந்தல் கால் மாதிரி இரண்டு காலை ஊன்றி நிற்கும். தாளை மடித்து உறையில் போட்டு, மேலே விலாசம் எழுதி ஒட்டி, என்னிடம் நீட்டி, "வன்னியம்பட்டி. வடக்குத் தெரு. சுரைக்கொடி வீடு" என்பார். அவ்வளவுதான். அந்த மனிதர் பேசுவதும் தந்தி அடிப்பதுபோலத்தான். கல்யாணத்தன்றுகூட மூன்றே வார்த்தைதான் பேசினாராம்.

நான் கேட்டதைக் கேட்டபடி தலையில் வைத்துக்கொள்வேன். ஒரே சமயத்தில் நாற்பது தந்தி, நாற்பது வீடு, ஒன்று மாறாது. ஒரே ஒரு தடவை மாறியது. அதனால் ஒரு கல்யாணமே நடந்துவிட்டது. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில் புது போஸ்ட்மாஸ்டர் வந்தார். வந்த மூன்றாம் நாள் ஒரு உறையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இந்த விலாசத்தைப் படி."

"யாரு வீடுன்னு சொல்லுங்கய்யா, சிட்டாப் பறந்துருதேன்."

"நான் சொல்லப்படாது. நீ சொல்லணும்."

"நீங்க சொன்னாத்தானேய்யா நான் சொல்ல முடியும்?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தபோது உத்தரவு தயாராக இருந்தது. மூன்று மாதத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் முன்னால் நான் இங்கிலீஷ் படித்துக் காட்ட வேண்டும். படித்தால் வேலை நிரந்தரம். படிக்காவிட்டால் அன்றைக்கே தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டியது. "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவன் ஒன்பது பேர் என்கிட்ட மனு கொடுத்திருக்கான்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி ஏசம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வேலை போனா என்ன செய்வீங்க?"

"ராஜபாளையத்துல ஒங்க அண்ணன் ராபர்ட்டு இருக்காவள்லா? மில்லுல சேத்து விட மாட்டாவளா?"

"அண்ணன் பஞ்சு மூட்டை சொமக்குது. ஒங்களப் பாத்தா அவிய மூட்டைன்னு நெனச்சு அடுக்கிருவாவ." கீரையை உதறினாள். "பேசாம படிங்க. ஆறு வயசுப் பிள்ளையெல்லாம் படிக்கி."

அந்த ராஜபாளையத்துக்கே போய்த்தான் முதலில் படித்துப் பார்த்தேன். பஞ்சுக் கிட்டங்கியில் கணக்கெழுதிய இருதயம் என்பவர் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நாலைந்து பேருக்கு இங்கிலீஷ் பாடம் நடத்தினார். முதல் பாடத்திலேயே மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். அதில் இரண்டு பேர் நான். மூன்றாவது வாரம் அவர் ஒரு பூனையைக் கொண்டுவந்து ஒரு பாயில் உட்கார வைத்தார். அந்தப் பூனை ஒரு மணி நேரம் அந்தப் பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம்.

"வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம்" என்றேன்.

"கேளும்."

"பூனைக்கு யாரு தந்தி அடிக்கா?"

"என்னது?"

"இல்ல, தந்தியில பூனை வருமா? இத்தன வருசத்துல ஒரு வீட்டுலயும் பூனை பாயில உக்காந்திருக்குன்னு தந்தி வந்து நான் பாக்கல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜுக்கள் வீட்டு இளவட்டம் ஒருவர் சிரிக்கத் தொடங்கித் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். இருதயம் புத்தகத்தை மூடினார். "நீரு இனிமே வரவேண்டாம்" என்று தமிழில், மிகவும் தெளிவாகச் சொன்னார். ஒரு மாதம் போய்விட்டது. மிச்சம் இரண்டு.

மறுநாள் என் பையில் இரண்டு தந்தி. ஒன்று புதுப்பட்டிக்கு, ஒன்று வன்னியம்பட்டிக்கு. வழியில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன், ஒரு வயிற்றெரிச்சலில். அப்போது அது என் கண்ணில் பட்டது. இரண்டு ஊர்ப் பெயருக்கும் கடைசித் துண்டு ஒன்றேபோல இருந்தது! அதே பந்தல் கால், அதே மாட்டு வால். புதுப்பட்டி. வன்னியம்பட்டி. அந்தத் துண்டு 'பட்டி'யாகத்தானே இருக்க வேண்டும்? அமெரிக்காவைக் கண்டுபிடித்தவன்கூட அன்றைக்கு நான் போட்ட சத்தம் போட்டிருக்க மாட்டான். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் என்னைப் பாம்பு கடித்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடிவந்தாள்.

அந்த வாரத்துக்குள் 'புரம்' பிடிபட்டது. அப்புறம் ஆள் பெயர்கள். யாருக்கு எந்த உறை என்று ஞானரத்தினம்தான் வாயால் சொல்லிவிடுகிறாரே. சொன்ன பெயரையும் எழுதின பெயரையும் இழுத்துவைத்துப் பார்க்க வேண்டியதுதான். பால்ச்சாமியும் ஆண்டிச்சாமியும் எனக்கு 'சாமி' கொடுத்தார்கள். பிச்சையம்மாளும் இசக்கியம்மாளும் 'அம்மாள்' கொடுத்தார்கள். குருவம்மாள் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தபோது, ஞானரத்தினம் வாயைத் திறப்பதற்குள், "குருவம்மா வீடா?" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமா" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

விலாசம் வந்தாயிற்று. உறைக்குள் இருக்கும் இங்கிலீஷுக்கு என்ன செய்ய? அதற்கும் வழி இருந்தது, இவ்வளவு நாளும் என் மூக்குக்கு நேரேதான்.

எங்கள் பக்கத்தில் தந்தி வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? என் காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்ததுமே முதல் ஒப்பாரி கிளம்பிவிடும். யார் வீட்டுக்கு என்று தெரியாது, என்ன சேதி என்று தெரியாது. பொதுவாக அழுது வைப்பார்கள். எந்த வீட்டு முன்னால் சைக்கிள் நிற்கிறதோ அந்த வீட்டில் அழுகையை ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் அடுப்பைப் பார்க்கப் போவார்கள். அதற்குப் பிறகு உறையைப் பிரித்து, இங்கிலீஷ் தெரிந்த ஆளைத் தேடி ஓடுவார்கள். வன்னியம்பட்டியில் வேதக்கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. புதுப்பட்டியில் கணக்குப்பிள்ளை. அவர் படித்துச் சொன்ன பிறகுதான் வீடு ஒரு முடிவுக்கு வரும்.

முன்னெல்லாம் நான் கைநாட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இப்போது நின்றேன். பிரித்த தாளை, "நீரே படிச்சுச் சொல்லுமய்யா" என்று என்னிடம்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்கி, எழுத்துகளின் சாயலை நன்றாக மனசில் இறக்கிக்கொண்டு, "கண்ணுல தூசி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு, அந்த வீடு என்ன செய்கிறது என்று பார்ப்பேன். பழைய காலண்டர்த் தாள்களைத் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் ஞானரத்தினம் எழுதின மாதிரியே அந்தச் சொல்லை வரைவேன். வலது பக்கம் வீடு செய்த காரியம்.

ஒரு சொல் வந்தால் ஆண்பிள்ளைகள் எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள். அது வண்டிச் சொல். இன்னொரு சொல்லுக்குப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்தார்கள். அது முடிச் சொல். ஒன்றுக்கு வெல்லம் தட்டும் சத்தம் கேட்டது, அது பாயசச் சொல். ஒன்று மட்டும் கொஞ்ச நாள் என்னை ஏமாற்றியது. பரிபூரணம் வீட்டில் அந்தச் சொல்லுக்குக் கோழியை விரட்டிப் பிடித்தார்கள். பால்ச்சாமி வீட்டில் அதே சொல்லுக்கு மாமியார் துணிமூட்டையோடு தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். ரொம்ப யோசித்தேன். இரண்டு வீட்டுக்கும் மறுநாள் போய்ப் பார்த்தால், இரண்டு இடத்திலும் மருமகன் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆக, அந்தச் சொல்லுக்கு 'வாரேன்' என்று அர்த்தம்! கோழிச் சொல் என்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சொல் எல்லாத் தந்தியிலும் நடுநடுவே வரும். அதற்கு எந்த வீடும் எதுவும் செய்யவில்லை. கடைசியில் கண்டுபிடித்தேன்: அந்த இடம் வந்ததும் கோயில்பிள்ளை நிறுத்தி ஒரு மூச்சு விடுகிறார். அது மூச்சுச் சொல். படிக்கிறவன் செத்துப்போகாமல் இருக்க இங்கிலீஷ்காரன் செய்துவைத்த ஏற்பாடு.

இரண்டு மாதத்தில் என் நோட்டில் நாலாயிரம் சொல் ஏறியது. சரி, நூற்றுப்பத்து. ஏசம்மாள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு இங்கிலீசுல ஒண்ணுகூட வாயால சொல்லத் தெரியாதே ஒங்களுக்கு?"

"சொல்றதுக்கு எதுக்கு ஏட்டி? கட்டை சொல்லுது, ஞானரத்தினம் எழுதுதாரு, நான் படிக்கேன். ஆளுக்கு ஒரு வேல."

"இன்ஸ்பெக்டரு முன்னால இப்படிப் பேசி வைக்காதீங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சேதுபதி காலை ரயிலில் வந்தார். நல்ல உயரம், நல்ல கனம். நாற்காலி அவரை வாங்கிக்கொண்டு ஒரு முனகல் முனகியது. போஸ்ட்மாஸ்டர் என்னை முன்னால் தள்ளினார். நான் குளித்து, காக்கிக்குக் கஞ்சி போட்டு, தைரியமாகவே போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு தடித்த சட்டப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"எங்கே, இதைப் படி."

பார்த்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. பக்கம் முழுக்கக் கறுப்பாகச் சின்னச் சின்ன உருவங்கள். ஒன்றுக்கும் மாட்டு வால் இல்லை. ஒன்றும் சாய்ந்து ஓடவில்லை. எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை கட்டியதுபோல விறைப்பாக நின்றன. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"ஐயா" என்றேன், "இது எந்தத் தேசத்துப் பாஷை?"

போஸ்ட்மாஸ்டர் மூக்கைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரிப்பை அந்தப் பக்கமாக வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பிவந்தார்.

"இங்கிலீஷ்தான்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லய்யா. எனக்கு இங்கிலீஷ் தெரியுமே!"

மேசையில் ஞானரத்தினம் எழுதிப்போட்ட உறை ஒன்று கிடந்தது. அதைக் காட்டி, "இந்தா, ஆண்டிச்சாமி, கான்சாபுரம்" என்று கடகடவென்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் உறையை எடுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. தன் பேனாவை எடுத்து ஒரு தாளில் அதையே எழுதி என்னிடம் நீட்டினார். அவர் எழுத்து மழையில் நனைந்த கோழிமாதிரி ஒடுங்கிக் கிடந்தது. "தெரியலய்யா" என்றேன். தாளை ஞானரத்தினத்திடம் தள்ளினார். அவர் அடியில் ஒருமுறை எழுதினார். "கான்சாபுரம்" என்றேன் நான். இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி எழுத, ஒருவருக்கு முழியும் ஒருவருக்குப் பதிலுமாக அரைமணி நேரம் போயிற்று.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அப்போ உனக்கு இங்கிலீஷ் தெரியாது. இவரைத்தான் தெரியும்."

ஞானரத்தினத்துக்குக் காது சிவந்தது.

"வேற என்ன தெரியும்? இவர் எழுத்துல, விலாசத்தைத் தவிர?"

பெருமை யாரை விட்டது? இடுப்பிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். வண்டி, முடி, பாயசம், கோழி. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த போஸ்ட்மாஸ்டர் ஒரு துள்ளுத் துள்ளினார்.

"சார், இதெல்லாம் தந்திக்கு உள்ளே இருக்கிற சமாசாரம்! பியூன் சேதியைப் படிக்கப்படாது. சட்டம் இருக்கு. படிக்கத் தெரியலேன்னா வேலை போகும். இதைப் படிச்சான்னா வேலையோட ஆளும் உள்ளே போவான்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இரண்டு பக்கமும் வழியை நானே அடைத்துக்கொண்டேன் என்று. படிக்கத் தெரியாததால் வேலை போகும். தெரிந்ததால் அதைவிட மோசமாகப் போகும். கஞ்சி போட்ட காக்கி உடம்பில் குத்தியது.

"நீயா பிரிச்சுப் படிக்கிறியா, வீட்டுக்காரங்க நீட்டிப் படிக்கிறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவிய நீட்டாம ஒரு எழுத்தப் பாத்ததில்லய்யா. சத்தியமா."

அந்த நேரத்தில் கட்டை டக்கு டக்கு என்றது. ஞானரத்தினம் எழுதினார், மடித்தார், ஒட்டினார். "வன்னியம்பட்டி. வெள்ளத்தாய்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாற்காலி நன்றி சொல்லியது. "நானும் வர்றேன். கண்ணால பார்த்துட்டு எழுதுறேன், உன் வேலையை வைக்கிறதா எடுக்கிறதான்னு. எவ்வளவு தூரம்?"

"கூப்பிடு தூரம்தான்யா."

போஸ்ட்மாஸ்டரின் சைக்கிளை அவருக்குக் கொடுத்தார்கள். வெயிலில் பாதி வழிக்கு மேல் போன பிறகு, "யாரு கூப்பிடுற தூரம்யா இது?" என்று ஒருமுறை கேட்டார். மற்றபடி ஊர் வரும்வரைக்கும் அவர் மூச்சுதான் பேசியது.

தெருமுனையில் எங்களைக் கண்டதும் வழக்கமான ஒப்பாரி எழுந்தது. இந்தத் தடவை இரண்டு சைக்கிள், அதில் ஒருவர் கோட்டுப் போட்டவர். அழுகையும் இரட்டிப்பாக எழுந்தது. வெள்ளத்தாய் வீட்டு முன்னால் நிறுத்தினோம். அவள் மகன் சிவனாண்டி பட்டாளத்தில் இருந்தான், கடல் தாண்டி எங்கேயோ. கைம்பெண், ஒரே மகன். மாவு ஒட்டின கையோடு வந்து நின்றாள். அழவில்லை. கைநாட்டு வைத்தாள், உறையைப் பிரித்தாள், தாளை என் பக்கம் நீட்டினாள்.

"நேசையா, படிச்சுச் சொல்லுய்யா. கோயில்பிள்ள ஊருல இல்ல."

நான் கையை நீட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் வாங்கிவிட்டார். "நான் படிக்கிறேன் அம்மா. நான் இவனுக்கு மேலதிகாரி." மூக்குக்கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல், ஒரு பிசகில்லாமல் தமிழாக்கினார்.

"தங்கள் மகன் சிவனாண்டி, போர்க்களத்தில், குண்டடி பட்டு..."

அவ்வளவுதான். தெரு இடிந்தது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் முடியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். யாரோ ஒருவர் கொட்டுக்காரனுக்குச் சொல்ல ஓடினார். இன்ஸ்பெக்டர் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "முழுக்கக் கேளுங்க! இன்னும் இருக்கு! மூணு வரி இருக்கு!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தையும் ஒப்பாரியோடு சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளத்தாய் மட்டும் அப்படியே நின்றாள். மாவுக் கை அந்தரத்தில் நின்றது. கண் என்மேல் இருந்தது.

சட்டம், போஸ்ட்மாஸ்டர், எஸ்.எஸ்.எல்.சி. ஒன்பது பேர் எல்லாம் மனசில் வந்தது. வந்தபடியே போகவும் செய்தது. "ஆச்சி, நான் பாக்கட்டா?" என்று கேட்டேன். அவள் தலையை அசைத்தாள். இன்ஸ்பெக்டர் கையிலிருந்து தாளை வாங்கினேன். ஞானரத்தினத்தின் எழுத்து. காற்றில் சாய்ந்து ஓடுகிற எழுத்து. நான் எப்போதும் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன், கடைசி வரியை. அங்கே கோழிச் சொல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிழமை. தெருவே கேட்கும்படி குரலை எடுத்தேன்.

"ஏ ஆச்சி! சிவனாண்டி வியாழக்கிழமை வாரான்! ரயில்ல வாரான்! கோழி எங்க? கோழியப் பிடி!"

ஒப்பாரி, கயிறு அறுந்த வாளிபோலத் தொப்பென்று அடங்கியது. இசக்கியம்மாள் அவிழ்ந்த முடியை வாயில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "என்னது, வாரானா?"

"வாரான். கால்ல கட்டோட வாரான். ஆஸ்பத்திரியில இருந்து லீவு குடுத்து அனுப்புதாவ. அந்தச் சோறு நம்ம பிள்ளைக்கு எப்படி எறங்கும்? ஒடம்பு எளச்சுத்தான் வருவான்."

கால் கட்டும் லீவும் தந்தியில் இருந்தது. சோறு நான் சேர்த்துக்கொண்டது.

வெள்ளத்தாய் அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், சத்தம் இல்லாமல், மாவுக் கையை முகத்தில் வைத்து. பிறகு முகமெல்லாம் வெள்ளையாக நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"ஏய்யா கோட்டுக்காரரே, பிள்ள வாரான்னு முதல்ல சொல்லப்படாதா? குண்டத் தூக்கி முன்னால வைக்கீரே! ஒமக்கு யாரு படிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"தந்தியில அந்த வரிசையிலதான்மா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் சன்னக் குரலில்.

"எந்த வரிசையில இருந்தா என்ன? ஒம்ம வாய்க்கு அறிவு வேண்டாமா?" என்றாள் இசக்கியம்மாள். "எம் முடி இப்ப எம்புட்டுச் சிக்காயிப் போச்சு பாரும்."

கொட்டுக்காரனுக்குச் சொல்லப் போனவரைத் திரும்பக் கூப்பிட இன்னொருவர் ஓடினார். இரண்டு பேரும் வழியில் ஒருவரை ஒருவர் காணாமல் கடந்துபோய்விட, கொட்டுக்காரர்கள் வந்தே விட்டார்கள். வந்ததற்கு ஆகட்டும் என்று கல்யாண அடி ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மோர் வந்தது. இன்ஸ்பெக்டர் மூன்று சொம்பு குடித்தார்.

திரும்பும்போது பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி மரத்தடியில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"நீ ஏன்யா கடைசி வரியைப் பார்த்தே?"

"எழுதுதவிய முதல்ல நடந்தது எழுதுவாவ, பொறவுதான் இப்ப எப்படி இருக்குன்னு எழுதுவாவ. வீட்டுக்கு இப்ப எப்படி இருக்குங்கதுதான் வேணும். அத நான் ரொம்ப வீட்டுல பாத்துட்டேன்யா."

அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டினார். கடைசி வரியை இவரும் சீக்கிரம் சொன்னால் என்ன?

"ஐயா, என் வேல?"

"பரீட்சையில நீ பெயில்" என்றார்.

"சரிங்கய்யா."

"அச்சுல ஒரு எழுத்து தெரியலை. வேற ஆள் கையெழுத்துல ஒரு எழுத்து தெரியலை. அந்த மனுஷனை நாளைக்கு வேற ஊருக்கு மாத்தினா உன் இங்கிலீஷும் அவர்கூட ரயில் ஏறிப் போயிடும்."

"ஆமாய்யா."

"சட்டத்துல, படிக்கத் தெரியணும்னு இருக்கு. எதைப் படிக்கணும்னு இல்லை." எழுந்து வேட்டியைத் தட்டினார். "தந்திப் பியூனுக்குத் தந்தி படிக்கத் தெரியுதுன்னு எழுதப்போறேன். அது பொய் இல்லை. வேலை இருக்கு. நிரந்தரமும் ஆகும், ஆனா ஆறு மாசம் கழிச்சு நான் வரும்போது அச்செழுத்தும் படிக்கணும். வீட்டுக்காரங்க நீட்டாம எதையும் பார்க்கக் கூடாது. என்ன?"

"ஆகட்டும்யா!"

"அப்புறம், கூப்பிடு தூரம்னு இனிமே என்கிட்ட சொல்லாதே."

ஆபீஸுக்கு வந்ததும் அந்த உத்தரவைத் தானே எழுதப் போனார். பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். மூடினார். ஞானரத்தினத்தைக் கூப்பிட்டு, தான் சொல்லச் சொல்ல அவரை எழுதச் சொன்னார். கீழே தன் கையெழுத்தை மட்டும் போட்டு, படி ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் எந்த வரியில் படிக்க ஆரம்பித்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். போஸ்ட்மாஸ்டர் மட்டும் அன்று முழுவதும் கோபமாக முத்திரை குத்தினார். அந்த ஒரு நாளில் அவர் குத்திய முத்திரை இன்னும் சில கடிதங்களில் அழியாமல் இருக்கும்.

அச்செழுத்துக்கு எங்கே போவது? பூனை வாத்தியாரிடம் இனிப் போக முடியாது. ஒரு வாரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த பெயர்களை யாராவது அச்சுமாதிரி எழுதி வைத்திருந்தால் போதும், இழுத்துவைத்துப் பார்த்துவிடலாம். அதுவும் பெரிதாக, கண்ணுக்கு வசதியாக, யாரும் எடுத்துக்கொண்டு போகாத இடத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏசம்மாளின் அண்ணன் வீட்டுக்கு இரண்டு பேரும் ரயிலில் போய்விட்டு, சாயங்காலம் திரும்புவதற்காக ராஜபாளையம் ஸ்டேஷனில் நின்றோம். பிளாட்பாரத்தின் கடைசியில் ஊர்ப் பலகை, என்னைவிட உயரமாக. நோட்டில் ஞானரத்தினத்திடம் 'ராஜபாளையம்' என்று எழுதி வாங்கியிருந்த பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். ஞானரத்தினத்தின் சாய்ந்த எழுத்து ஒன்று, பலகையில் நிமிர்ந்த எழுத்து ஒன்று. முதல் எழுத்தின் காலைக் கண்டுபிடித்தேன். இரண்டாவதைக் கண்டுபிடித்தபோது வண்டி வந்தது. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டிருந்தபோது வண்டி போய்விட்டது. ஏசம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்ப்பா, நீ அந்த வண்டிக்கு நின்ன ஆள்தானே? ஏறலையா?"

"செத்த நேரம் பொறுங்கய்யா" என்றேன். "இன்னும் பாதி ராஜபாளையந்தான் ஏறியிருக்கேன்."